ஒரு கட்டு வெந்தயக்கீரை

மும்பை மாநகருக்குச் சென்று வந்தோர் அங்குள்ள கடற்கரையைப் பற்றியும், மாட மாளிகைகளைப் பற்றியும், சினிமா நடிகர்களைப் பற்றியும் எழுதக் கண்டிருக்கிறோம். நாம் எழுத முற்படுவதோ ஒரு கட்டு வெந்தயக்கீரையைப் பற்றி. இஃதென்ன அற்ப விஷயம் என்று நேயர்கள் நகைக்கலாம். முற்றும் படித்தபின் நகைக்குமாறு வேண்டிக் கொள்கிறோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆங்கிலம் படித்ததனாற் கிடைத்த நாற்காலி அது. வைகறையில் பெரட்டுக்கு நின்று பெயர் கூப்பிடுவதும், வந்தவர் வராதவர் இன்னாரெனச் செக்ரோலிற் குறிப்பதும் நம் தொழில். மூன்று வார விடுப்பெடுத்து, மும்பையின் முலுந்துப் பகுதியில் வாழும் நம் பெரியம்மாள் மகளாகிய அக்காளின் வீட்டிற் போய்த் தங்கினோம். தாராவியிலும் மாதுங்காவிலும் முலுந்திலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வேரூன்றியிருக்கின்றன. அக்காளின் புகுந்த வீடும் அத்தகையதே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடிப் போனவர்கள்.

அவ்வீட்டில் முதலில் நம்மை எழுப்பியது காலை நான்கு மணிக்குக் கேட்ட குக்கர் ஓசை. அத்தானுக்குச் சப்பாத்தியும் பொரியலும், பையனுக்குப் பள்ளிக்கு இட்டலி, மாமியாருக்குக் காரமில்லாத குழம்பு, விருந்தாளியாகிய நமக்குத் தனியே ஒன்று என நால்வகைச் சமையல். அவற்றை முடித்து, குளித்து, தனக்கென மிஞ்சியதை ஒரு சிறு பாத்திரத்தில் அடைத்துக்கொண்டு, எட்டு மணிக்கு அக்காள் உத்தியோகத்துக்குப் புறப்பட்டுவிடுவாள். அத்தான் ஏழரைக்கே வெறுங்கையுடன் போய்விடுவார். இரயில் நெரிசலில் சோற்றுப் பாத்திரம் இடைஞ்சல் என்பது அவர் கட்சி. அவரது அடுக்குப் பாத்திரம் ஒன்பது மணிக்கு மேல் டப்பாவாலா மூலம் பின்தொடரும்.

இந்த டப்பாவாலாக்களின் திறமையை உலகமே வியக்கிறது. 1890 ஆம் ஆண்டளவில் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பார் தொடங்கிய தொழில் இது. வெள்ளைக் குல்லாய் அணிந்தோர் வீடுதோறும் பாத்திரம் வாங்கி, மூடியில் எழுதிய எழுத்தும் எண்ணும் நிறமுமே விலாசமாகக் கொண்டு, கைமாறிக் கைமாறி, இரயிலேற்றி, நண்பகலுக்குள் உரியவரின் மேசையிற் சேர்ப்பர்; மாலைக்குள் வெறும் பாத்திரம் வீடு திரும்பிவிடும். 2020 இல் கொள்ளைநோய் வந்து இரயில்கள் நின்றபோது இத்தொழிலும் நின்றது. பின்னர் மீண்டபோதிலும் பழைய நிலையை எட்டவில்லை என்பர். வீட்டுச் சோற்றின்மேல் மனிதனுக்குள்ள பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால், அச்சோற்றை வீட்டிலிருந்து மேசைக்குக் கொண்டுபோனவனை வியந்த உலகம், அரிசியிலிருந்து பாத்திரம் வரை கொண்டுவந்தவளை வியந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் அக்காளுடன் நாமும் நகரத்துக்குப் பிரயாணமானோம். இந்தியாவின் முதற் பிரயாணிகள் இரயில் 1853 ஏப்ரல் 16 இல் ஓடியது இந்தப் பாதையில்தான். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு, 34 கிலோமீட்டர். 1925 இல் இந்நகரில் மின்சார வண்டி வந்தது. இன்று புறநகர் வண்டிகளில் நாள்தோறும் ஏறக்குறைய 70 இலட்சம் பேர் செல்கின்றனர். வண்டி நிலையத்தில் நிற்பதோ சில வினாடிகள். நாம் ஏறவில்லை, ஏற்றப்பட்டோம். எவர் முதுகில் எவர் மூச்சு என்றறியாத அந்நெரிசலில், தீட்டு என்ற சொல்லுக்கு நிற்க இடமில்லாதது கண்டு ஒருவாறு மகிழ்ந்தோம். எனினும் வாசலிற் தொங்கிச் செல்வோரைக் கண்டு நெஞ்சு நடுங்கியது. தண்டவாளத்தைக் கடந்தும் வண்டியிலிருந்து விழுந்தும் பிறவாறும் 2023 இல் மட்டும் 2,000 பேருக்கு மேல் அந்நகரின் இரயில் பாதைகளில் மாண்டனர். இந்த வாயிலில் தினம் இருமுறை புகுந்து வருபவளே நம் அக்காள்.

மாலையில் திரும்புகையில் நாம் பொதுப் பெட்டியில் ஏற, அக்காள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். நிலையத்துக்கு வெளியே வாங்கிய வெந்தயக்கீரைக் கட்டு கையில் இருந்தது. முலுந்தில் இறங்கியபோது பார்த்தோம்: கட்டைக் காணவில்லை. ஆய்ந்த இலைகள் ஒரு பையிலும், தண்டுகள் செய்தித்தாளிற் பொதிந்தும் இருந்தன.

"வீட்டுக்குப் போய் ஆய்ந்தால் ஒன்பது மணிக்குத்தான் சோறு, தம்பி. எங்கள் பெட்டியில் பாதிப் பேர் இப்படித்தான். ஒருத்தி அவரை உரிப்பாள், ஒருத்தி பட்டாணி உரிப்பாள்" என்றாள்.

1992 மே 5 இல் சர்ச்கேட்டிலிருந்து பெண்களுக்கென்றே தனி வண்டி விட்டார்கள். நற்செயலே. ஆனால், உத்தியோகத்துக்கும் அடுப்புக்கும் இடையே பெண்ணுக்கிருந்த ஒரு மணி ஓய்வும் அடுக்களையாகவே மாறியிருப்பதைத் தனி வண்டியால் மாற்ற முடியுமா?

அன்றிரவு கீரைப் பருப்பு அமிர்தமாக இருந்தது. "அக்காள் கைப்பக்குவம் எவருக்கும் வராது" என்று வாயாரப் புகழ்ந்தோம். அத்தானும் தலையசைத்தார். அக்காள் சிரித்துக்கொண்டே, "இந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டுத்தான் இருபது வருஷம் ஓடிவிட்டது. தட்டைக் கழுவிவிட்டுப் புகழ், தம்பி" என்றாள். நாம் எழுந்து கழுவினோம். முப்பது வயது கடந்த நமக்கு அதுவே முதல் முறை என்பதை மறைப்பானேன்?

இந்திய அரசினர் 2019 இல் எடுத்த நேரக் கணக்கொன்று உண்டு. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஒரு நாளிற் பங்குகொண்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1. அவ்வாறு பங்குகொண்டோரிலும் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கிராணி என்பவன் கணக்குக்குக் கட்டுப்பட்டவன். அக்கணக்கை மும்பையிற் படித்தபோது, நம் செக்ரோலின் ஒரு பக்கம் கண்முன் வந்து நின்றது.

விடுப்புக்கு முந்திய மாதம், உதிரிப்பழம் பொறுக்கும் பெண்ணொருத்தி பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தாள். "பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க நேரமாகிவிட்டது, ஐயா" என்றாள். "தோட்டம் உன் அடுப்புக்குக் காத்திராது" என்று கூறி அரைப்பேர் போட்டோம். அந்த வாக்கியத்தின் அழகில் நமக்குப் பெருமையும் இருந்தது. அதே வாரத்தில் வாசகசாலைக் கூட்டத்திற் பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டல் பெற்றோம். அன்று காலை நாம் நேரத்தோடு பெரட்டுக்குச் சென்றது எங்ஙனம்? நம் இல்லாள் நான்கு மணிக்கு எழுந்து பசியாறச் செய்து வைத்ததனால் அன்றோ!

திரும்பியதும் அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்று, செய்தது தவறென்று கூறி, குறைந்த அரைநாட் கூலியைக் கொடுத்தோம். "காசு இருக்கட்டும் ஐயா. இனிமேல் அந்தப் பத்து நிமிடம் கிடைக்குமா?" என்றாள். அது நம் கையில் இல்லை. நிருவாகியிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம், விடை வரவில்லை. நம் கையில் இருப்பது நம் வீட்டு அடுப்பொன்றே. இப்பொழுது வாரத்தில் நான்கு நாள் காலைச் சமையல் நம்முடையது. முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் குழம்பில் உப்பு மிகுந்தது. இல்லாள் ஒன்றும் சொல்லாது உண்டாள். நாமாயிருந்தால் சொல்லியிருப்போம்.

நண்பர்காள்! மேடையிற் பேசுவதை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. பேசப் புறப்படுமுன் உண்ட தட்டைக் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். கடையில் ஒரு கட்டுக் கீரை வாங்கி, நீங்களே ஆய்ந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.