அட்டையும் அமானிதமும்

உம்ராப் பயணத்தில், மக்கா நகரில் உம்மாவுக்கு மருந்து வாங்க ஏ.டி.எம். முன் நின்றேன். கணக்கில் பணமிருந்தும் அட்டை ஏற்கப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும். வெளிநாட்டு வசதியை உடையவரே கேட்டுப் பெறல் வேண்டும். நான் பெறவில்லை.

உடன்வந்த பெரியவர் ஒருவர், "ஊருக்குப் போய்க் கொடுங்கள், தம்பி" என்று 100 ரியால் நீட்டினார்.

அன்றிரவே கைப்பேசிவழி வசதியைப் பெற்று மீண்டும் சென்றேன். கணக்கில் ரூபாயாகக் கழிக்கவா, ரியாலாகவா என்று பொறி வினவியது. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அங்குள்ளோரே வகுப்பர். பெரும்பாலும் நமக்கு இழப்பே. ரியாலையே தேர்ந்து, உடனே கடனைத் தீர்த்தேன்.

பயணத்துக்கு நிய்யத்துப் போல, அட்டைக்கும் இசைவு முன்னரே வேண்டும். இசைவு கேளாது திறந்தது அப்பெரியவரின் பை ஒன்றே.