தம்பியின் இரவு

என் தம்பி செய்த காரியத்தை நான் செய்ததாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்து சொன்ன பொய் இல்லை, மனதார நம்பித்தான் சொன்னேன். ஆனால் அதை மறுத்துப் பேசிய தம்பியைச் சொந்தபந்தங்களுக்கு நடுவில் அதட்டி அடக்கினேன். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

நான் சொல்லிவந்தது இது. 1993 மழைக்காலம். நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு அம்பாசிடர் டாக்ஸியில் கொண்டுபோகிறோம். பின் சீட்டில் அம்மாவின் தலை என் மடியில். சரியாக மூடாத கண்ணாடி வழியாகச் சாரல் அடித்து ரெக்ஸின் சீட்டெல்லாம் ஈரம். வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது அம்மா தண்ணீர் கேட்கிறாள். புரையேறிவிடும் என்ற பயத்தில், துண்டு நுனியை நனைத்து உதட்டில் வைக்கிறேன். இரண்டு நாள் கழித்து அம்மா போய்விட்டாள். ஒவ்வொரு திதியிலும் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

ஒரு திதியன்று தம்பி மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, நீ அன்னிக்குக் கோயமுத்தூர்லல்ல இருந்தே?”

“அம்மா தலை என் மடியில இருந்துச்சுடா. எனக்குத் தெரியாதா? சின்னப் பய நீ, உனக்கென்ன ஞாபகம் இருக்கப்போகுது?” என்றேன். அம்மா இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. விவரம் தெரியாத வயசு இல்லை. அவன் பதில் பேசாமல் இலை போட எழுந்து போனான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்பா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் வரவு செலவு நோட்டுகள் கிடைத்தன. வெற்றிலை வாங்கியதைக்கூட எழுதி வைக்கிற மனுஷர். அந்தத் தேதியில் நீல மையில் இருந்தது: “டாக்ஸி, தஞ்சை. சின்னவன் கூட.” அதற்குக் கீழே, “பெரியவனுக்கு எஸ்.டி.டி.” மறுநாள் கணக்கில், “பெரியவன் வந்தான். ஆட்டோ.” அப்பாவின் கையெழுத்தோடு எப்படி வாதாடுவது?

அதன் பிறகுதான் நினைவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது. ஆனால் என் விஷயத்தில் நழுவியது சம்பவம் இல்லை, அதை யார் சொல்லிக் கேட்டேன் என்பது. மார்சியா ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் ஆராய்ந்தார். நினைவு வந்த வழியை மூளை தனியாக முத்திரை குத்தி வைப்பதில்லை. கண்டதா, கேட்டதா, கற்பனையா என்பதை, நினைக்கும்போது நாம் ஊகித்துத்தான் முடிவு செய்கிறோம். மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தம்பி எனக்கு எல்லாவற்றையும் சொன்னான். பாலம், துண்டு, சாரல், எல்லாமே அவன் வாய்வழியாக வந்தவை. கேட்கக் கேட்க மனசுக்குள் படமாகப் பார்த்திருக்கிறேன். படம் தங்கிவிட்டது, சொன்னவன் குரல் போய்விட்டது.

2000இல் கரீம் நாதர், ஜோசப் லெடூ குழுவினர் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். பழைய பயத்தின் நினைவைத் தூண்டி எழுப்பினால், அது சிறிது நேரம் நிலையற்றதாகி மறுபடியும் பதியவேண்டியிருக்கிறது. மனித நினைவுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் விவாதம் உண்டு. என் வரையில் ஒன்று நிச்சயம்: திதிக்குத் திதி நான் சொல்லச் சொல்லத்தான் அந்த மடி என்னுடையதாக உறுதிப்பட்டது. இரட்டைப் பிறவிகளிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வு ஒன்றும் உண்டு. ஒரே சிறுவயது நிகழ்ச்சியை இருவருமே ‘எனக்குத்தான் நடந்தது’ என்று சாதித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து சாவகாசமாக வந்து சேர்ந்த மூத்த மகன் என்ற குற்ற உணர்ச்சி எனக்குள் இருந்தது. அம்மாவின் கடைசிப் பயணத்தில் இல்லாமல் போனதை என் மனம் ஏற்கவில்லை. அதைவிட, தம்பி சொன்னபோது ஒரு நிமிஷம் நின்று “அப்படியா?” என்று கேட்டிருக்கலாம். கேட்காதது மூளையின் கோளாறு இல்லை, அண்ணன் என்கிற அகம்பாவம்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “நீ அழுதுகிட்டே சொல்லுவே. எப்படிண்ணே குறுக்க பேசறது?” என்றான். அடுத்த திதியில் அவனைச் சொல்லச் சொன்னேன். நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அவன் சொன்னான்: வழியெல்லாம் அம்மா “பெரியவனுக்குச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

என் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். சிலர் தங்கள் பிள்ளைகளிடமும் சொல்லியிருப்பார்கள். இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்: அன்றைக்கு அம்மாவை மடியில் தாங்கிக் கொண்டுபோனவன் என் தம்பி.