மதிலுக்கு அப்பால் விழும் குப்பை

பருத்தித்துறையில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் வகுப்பறைகளைப் பார்த்தால் குறை சொல்ல மாட்டீர்கள். குப்பையெல்லாம் எங்கே? பின்மதிலுக்கு அப்பால்! இடைவேளை முடிந்ததும் யோகட் கோப்பையும் பிஸ்கட் உறையும் மதிலைத் தாண்டிப் பறக்கும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று என்னிடம் பாடமாக்கிய பிள்ளைகள்தாம் எறிகிறார்கள்.

எறிந்தது அங்கேயே கிடந்துவிடாது. நமது மண்ணின் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். குப்பையின் கசிவு மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டில் கிணற்றைத்தானே பெரிதும் நம்பியிருக்கிறோம்? ஐப்பசி மழையில் ஒரு யோகட் கோப்பை நீரே டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாகப் பத்து நாள். 2017இல் மட்டும் இலங்கையில் 1,80,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர் பதிவாயினர்.

மழை விட்ட ஒரு நாள் தரம் 8 பிள்ளைகளை மதிலுக்கு அப்பால் அழைத்துப் போனேன். கோப்பையொன்றில் புழு நெளிவதைக் கண்ட ஒருவன், "இது எங்கட வகுப்புக் கோப்பை, மௌலவி" என்றான். மறுநாள் கூடை கேட்டு அவர்களே வந்தார்கள். சோறும் பழத்தோலும் ஒன்றில், பிளாஸ்டிக் மற்றதில். எரிக்க விடுவதில்லை, அந்தப் புகை நஞ்சு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள் 2017 செப்டம்பரிலேயே தடை செய்யப்பட்டது. இன்னும் பிள்ளைகளின் பைகளில் வருகிறது. மூடியுள்ள பெட்டியில் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை தொலைத்துவிடும் என்கிறார்கள் சில உம்மாமார். பெட்டியில் பெயரை எழுதிவிடுங்கள். கண்டெடுத்தால் நானே வைத்துத் தருகிறேன்.