இளைப்பு

தமிழிலே "இளைப்பு" என்று ஒரு சொல் இருக்கிறது. உடம்பு மெலிந்து போனாலும் இளைப்பு. நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கினாலும் இளைப்பு. சொல்லுக்குப் பஞ்சமா, இரண்டு விஷயங்களுக்கு ஒரே பெயரை வைத்துக் கொண்டு காலம் தள்ளுவதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். என் அத்தையுடன் ஒரு வருஷ காலம் மார்பு நோய் டாக்டரின் வாசலில் காத்துக் கிடந்த பிறகு, இந்தச் சொல்லை வழங்கிய நம் முன்னோர்கள் நோயாளிகளைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் வழங்கினார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அத்தை கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். வயது 68. பீடி, சிகரெட், சுருட்டு ஒன்றையும் கையால் தொட்டதில்லை. ஆனால் பதினைந்தாவது வயதில் சமையற்கட்டுக்குள் நுழைந்தவள் நாற்பது வருஷம் விறகும் வரட்டியும் வைத்து எரித்து, மழைக் காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டி, ஊதுகுழலால் ஊதி ஊதியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் புகைக்குப் போக்கிடம் அவளுடைய மார்பு ஒன்றுதான். எரிவாயு அடுப்பு வந்து சேர்ந்தபோது புகை போயிற்று. புகை செய்த காரியம் போகவில்லை.

இந்த வியாதிக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக "ஸி.ஓ.பி.டி." என்கிறார்கள். 2021-ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. புகையிலைதான் பெரிய குற்றவாளி. நம் தேசத்துப் பெண்களைப் பொறுத்த வரையில் அடுப்புப் புகையும் பக்கத்துக் கூண்டில் நிற்க வேண்டியதே.

அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முகமாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: "இனிமேல் அவள் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது." குடத்தை ஒருத்தி பிடுங்கிக் கொண்டாள், துடைப்பத்தை மற்றொருத்தி பிடுங்கிக் கொண்டாள். கோயிலுக்குப் போவது நின்றது. குடிக்கிற தண்ணீர் கட்டிலுக்கே வந்தது. இவ்வளவு அன்பும் ஒன்று சேர்ந்து இரண்டு வருஷத்தில் என்ன செய்தது என்றால், கூடத்திலிருந்து கொல்லைக்குப் போவதற்கு நடுவில் ஒரு முறை உட்கார வேண்டிய நிலைமைக்கு அவளைக் கொண்டு வந்து சேர்த்தது. வளையல்கள் முழங்கை வரையில் ஏறின. தராசில் நிறுத்தினால் 38 கிலோ.

நகரத்து டாக்டர் அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முதல் விநாடியில் வெளிவந்த காற்று, அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 40 சதவீதம் இருந்தது. பிறகு 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில், விரலில் பிராணவாயுவை அளக்கும் கவ்வியை மாட்டி, ஆறு நிமிஷம் நடக்க விட்டார். அத்தை நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றாள். மொத்தம் 210 மீட்டர். திரும்பி வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து, "நின்றது மூச்சுக்காகவா, கால் வலிக்காகவா?" என்று கேட்டார்.

"கால்தான் முதலில் கெஞ்சுகிறது, டாக்டர்" என்றாள் அத்தை.

"அப்படித்தான் இருக்கும், அம்மா. நுரையீரலை என்னால் புதிதாக்க முடியாது. காலை ஆக்கலாம்" என்றார் அவர்.

இதன் தாத்பரியத்தை நான் விளங்கிக் கொண்ட வரையில் சொல்கிறேன். இந்த வியாதியில் காற்று உள்ளே போவதைக் காட்டிலும் வெளியே வருவதே கஷ்டம். வேகமாக நடந்தால், பழைய மூச்சு வெளியேறி முடிவதற்குள் புது மூச்சு வந்து விழுகிறது. மார்பு உப்பிய பந்தாகி விடுகிறது. பயந்து நோயாளி உட்கார்ந்து விடுகிறான். உட்காரத் தொடங்கியதும் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை சிறு வேலைக்கே களைத்து, லாக்டிக் அமிலத்தை இரத்தத்தில் கொட்டுகிறது. அதைச் சரிக்கட்ட இன்னும் அதிகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஆகவே இன்னும் உட்காருகிறான். செக்கு மாட்டுக்காவது எண்ணெய் மிஞ்சும். இந்தச் சுற்றில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. 1991-ஆம் ஆண்டில் காஸபூரி என்பவரும் அவருடைய தோழர்களும் இத்தகைய நோயாளிகளைச் சைக்கிள் யந்திரத்தில் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அதே வேலைக்கு லாக்டிக் அமிலமும் குறைந்தது, மூச்சின் தேவையும் குறைந்தது.

உடம்பு ஏன் உருக வேண்டும்? ஒரு காரணம் எளியது: சும்மா இருக்கும்போதே மூச்சு விடுவதற்கு இவர்கள் நம்மைவிட அதிகமாக உழைக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டாலோ அது மேலே தள்ளி மூச்சை முட்டுகிறது. அதனால் பாதி இலையிலேயே எழுந்து விடுகிறார்கள். இன்னொரு காரணம் சற்று நுட்பமானது. பழைய வைத்தியர்கள் தாபிதம் என்றும் இக்காலத்தவர்கள் அழற்சி என்றும் சொல்கிறார்களே, அது புகைபட்ட நுரையீரலோடு நின்று விடுவதில்லை. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்திலும் அதன் அடையாளங்கள் ஓயாமல் தென்படுகின்றன. ஸி.ஆர்.பி. என்று கல்லீரல் செய்யும் ஒரு புரதம் அவற்றில் முக்கியமானது. அணையாமல் கனன்று கொண்டிருக்கும் இந்த உமித்தீ தசையையும் அரிக்கிறது.

தேகாப்பியாசம் செய்தால் இந்தத் தீ அணைந்து விடும் என்று சிலர் உற்சாகமாக எழுதி விடுகிறார்கள். சோதனைகள் அப்படி ஒரே குரலில் சொல்லவில்லை. சிலவற்றில் இரத்தத்தின் அழற்சி குறைந்திருக்கிறது. சிலவற்றில் இருந்தபடியே இருக்கிறது. ஆனால் அது குறையாதவர்களுக்கும் நடை கூடுகிறது, மூச்சுத் தவிப்பு குறைகிறது. எனக்கு இது போதுமான சமாசாரமாகத் தோன்றுகிறது. அத்தைக்குக் கோயில் வரையில் போக வேண்டுமே தவிர, ஸி.ஆர்.பி.யோடு அவளுக்கு யாதொரு வழக்கும் இல்லை.

எடையைப் பற்றி டாக்டர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். 2004-ஆம் ஆண்டில் பார்த்தோலோமே ஸெல்லி முதலிய நிபுணர்கள் இந்நோயாளிகளின் ஆயுளை மதிப்பிட ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஊதும் காற்று, மூச்சுத் திணறல், ஆறு நிமிஷ நடை ஆகிய மூன்றோடு உடல் எடையையும் அதில் சேர்த்தார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 21-க்கு மேல் இல்லாவிட்டால் ஆபத்துக் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். அத்தையின் எண் 16-ஐச் சற்றே தாண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1998-ஆம் ஆண்டில், நெதர்லாந்தில் ஸ்கோல்ஸ் என்னும் அம்மையார், போஷாக்கு ஊட்டியதில் 8 வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் தேறியவர்கள் அதிக காலம் உயிரோடிருந்ததைக் கண்டு எழுதியிருந்தார்.

இதை எங்கள் அடுத்த வீட்டு நண்பரிடம் சொல்லித் தொலைத்தேன். அவருக்கும் இதே வியாதிதான். எடை 94 கிலோ. "அப்படியானால் நான் சிரஞ்சீவி!" என்று தொந்தியைத் தட்டிக் கொண்டார். நோய் முற்றியவர்களில் பருத்தவர்கள் சற்று அதிக காலம் இருப்பது பல ஆராய்ச்சிகளில் தெரிந்திருப்பது வாஸ்தவம். ஆனால் நோய் முற்றாதவர்களுக்குப் பருமன் அனுகூலமில்லை; வயிற்றுக் கொழுப்பே அழற்சிக்கு எண்ணெய் வார்க்கிறது; மாடிப்படியில் அந்த 94 கிலோவையும் சுமப்பது அவருடைய கால்கள்தான். ஸ்டீராய்டு மாத்திரையினால் முகம் உப்பித் தராசு முள் ஏறுவதும் தசையாகாது. நண்பருக்கு இந்தப் பின்பகுதி ரசிக்கவில்லை.

அத்தைக்கு எழுதித் தந்த திட்டம் இதுதான்: உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடப் பழக வேண்டும். ஊதுகுழல் பிடித்தவளுக்கு அதை ஒருவரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். அரைக் கிலோ அரிசிப் பையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். மூச்சு வாங்கும் வரையில் நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும்; பேச்சே வராத அளவுக்குப் போகக் கூடாது. கவ்வி 88-க்குக் கீழே காட்டினால் நிறுத்தி விட வேண்டும். மார்பு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. சாப்பாடு மூன்று வேளைக்குப் பதில் ஆறு சிறு வேளை: பால், பருப்பு, வேர்க்கடலை உருண்டை, சாதத்தில் ஒரு கரண்டி நெய் கூட. தின்னாமல் நடந்தால் உள்ள தசையும் போய்விடும் என்று எச்சரித்தார்.

வீட்டில் பெரிய கலகம் மூண்டது. "மூச்சு வாங்குகிறவளை நடக்கச் சொல்கிறானே, இவனும் ஒரு டாக்டரா?" என்று சித்தப்பா முழங்கினார். உறவினர் ஒருவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் வைக்கப் புதுத் தலையணையே வாங்கி வந்தார். அத்தை தலையணையை மடித்து நாற்காலியில் போட்டுக் கொண்டு, பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்து காட்டினாள். எட்டாவது தடவையில் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "போதும் அத்தை, உட்காருங்கள்" என்றேன். "உட்கார்ந்துதானப்பா இப்படி ஆனேன்" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அதே தாழ்வாரத்தில் 265 மீட்டர் நடந்தாள். ஒரே ஒரு முறை நின்றாள். எடை 41. ஊதும் குழாய் மட்டும் பழைய 40 சதவீதத்தையே சொல்லிற்று. ஆவணியில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரையில் போய் வந்தாள்.

ஐப்பசி மழையில் சளி கட்டிக் கொண்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். இந்த வியாதியில் அப்படி நேர்வது சகஜம். அந்தச் சில நாளிலேயே தசை இறங்கி விடும். வீடு திரும்பியபோது எடையில் இரண்டு கிலோ காணவில்லை. தெரு சேறாகக் கிடந்தபடியால் கூடத்திலேயே நடை. ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று பேரன் கணக்கு வைக்கிறான். மழைக்கு முன்பு பதினெட்டுக் கொட்டை சேரும். முதல் நாள் நான்கு. நேற்று ஏழு. இன்று காலையில் பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டதால், எட்டாவதையும் ஒன்பதாவதையும் அத்தையே குனிந்து எடுத்து வைத்தாள்.