கானாவும் கிட்டாரும்

ப்ராக்ரஸிவ் ராக்குக்கும் பங்க்குக்கும் ஆகவே ஆகாது என்பார்கள். முன்னதில் ஒரே பாட்டு 20 நிமிஷம் ஓடும், நடுவில் நாலு தாளம் மாறும். பின்னதில் மூணு கார்டு, ரெண்டு நிமிஷம், நிறைய கோபம். ஆனாலும் 1977-ல் இங்கிலாந்தில் தொடங்கிய கார்டியாக்ஸ் இரண்டையும் கலந்தார்கள். 2001-ல் அட் தி டிரைவ்-இன் என்ற பங்க் குழு உடைந்ததும், அதிலிருந்து இரண்டு பேர் வந்து மார்ஸ் வோல்டாவைத் தொடங்கினார்கள்.

நம்மூரில்? என்னைக் கேட்டால் கானாதாங்க நம்ம பங்க். பாட்டு கிளாஸ் வேண்டாம், தட்ட ஒரு சட்டி கிடைத்தால் போதும். யானைக்கவுனியில் சாவு வீட்டு ராத்திரிகளில் கானா கேட்டு வளர்ந்தவன் நான். அதையே காலேஜ் மேடையில் பாடினால் சிரிப்பார்கள். இங்கிலீஷ் ராக் பாடினால் கைதட்டுவார்கள்.

அதனால்தான் 2018 ஜனவரி 6 எனக்குப் பெரிய நாள். இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்றுதான் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். பாடியவர்களில் ஒருவர் நம்ம ராயபுரத்து இசைவாணி; 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலிலும் வந்தார்.

இதை ப்ராக் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே இரண்டு இசையைப் பிரித்து வைத்தது ரசனை, இங்கே சாதி. இங்கே கலப்பதற்குக் கூடுதல் தைரியம் வேண்டும். கேட்டுப் பாருங்க மக்களே!