கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்க ஏரிப் பக்கம் வந்திருந்தா, என்னைக் கண்டிப்பா திட்டியிருப்பீங்க. மஞ்சள் டீ-ஷர்ட், கழுத்தில் ஐடி கார்டு, வாயில் விசில். "அண்ணா பின்னாடி போங்க, அக்கா குழந்தையைப் பிடிச்சுக்கங்க"ன்னு காலையிலிருந்து கத்திக்கிட்டே இருந்த ஒருத்தன் ஞாபகம் இருக்கா? அது நான்தான்.

மாதிரி விமானப் போட்டி. மொத்தம் 14 அணிகள். அதில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு விமானத்தை. அதைப் பார்த்ததுதான் அன்றைக்கு நான் செய்த தப்பு. அந்தத் தப்பைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்க அணியில் 6 பேர். நாலு மாசம் ஹாஸ்டல் ரூம் முழுக்க பால்சா மரத்தூளும் பசை நாற்றமும்தான். இறக்கை என் பொறுப்பு. ஒவ்வொரு விலா எலும்பையும் பிளேடால் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வரிசையாக ஒட்டி, மேலே ஃபிலிம் இழுத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி முடித்தபோது அந்த இறக்கையின் ஒவ்வொரு சுருக்கமும் எனக்கு மனப்பாடம். ஆனால் போட்டி அன்று களத்துக்குள் அணிக்கு 3 பேர்தான் போகலாம் என்பது விதி. ரிமோட் பிடிக்க ஒருத்தன், பேட்டரிக்கு ஒருத்தன், எடை ஏற்ற ஒருத்தன். மிச்சம் இருந்த எங்களுக்கு வாலண்டியர் வேலை. எனக்கு விழுந்தது கயிறு டூட்டி.

கயிறு டூட்டிக்கு ஒரே ஒரு கட்டளை. முகம் கூட்டத்தைப் பார்க்கணும், முதுகு விமானத்தைப் பார்க்கணும். சார் இதை இரண்டு தடவை சொன்னார். நான் முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு தலையாட்டினேன்.

இடம், நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு காய்ந்த ஏரி. பங்குனி வெயில். தூரத்தில் வத்தல்மலை, கரையோரம் சீமைக்கருவேலம், நடுவில் வெடித்துக் கிடக்கும் வண்டல். பறக்கவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று சரிபார்த்து, ஊராட்சியிலும் சொல்லிவிட்டுத்தான் கயிறு கட்டினோம். ஆனால் அந்த ஏரிக்குள் தினமும் வருகிற ஒரு அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கே ஏழெட்டு ஆடுகளோடு வந்துவிட்டார்.

"அம்மா, இன்னைக்கு இங்க மேய்க்க முடியாதும்மா."

"அப்ப என் ஆடு எங்க கண்ணு போவும்?"

பதில் இல்லாததால் விசில் ஊதினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆடுகளைத் திருப்பி, கயிற்றுக்கு வெளியே புளியமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குள் ஐந்நூறு பேராவது இருக்கும். ஐஸ் வண்டி, மாங்காய்ப் பத்தை, கம்மங்கூழ் எல்லாம் வந்தாச்சு. முதல் மோட்டார் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். திரும்பிப் பார்க்காமலேயே விமானம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஐந்நூறு முகவாய்க்கட்டையும் ஒரே நேரத்தில் உயர்ந்தால் டேக்-ஆஃப். எல்லாத் தலையும் சேர்ந்து இடது பக்கம் திரும்பினால் முதல் வளைவு. கை நெற்றிக்குப் போனால் சூரியன் பக்கம் போயிருக்கிறது. வாய் திறந்தபடியே நின்றால் தாழ்வாக வருகிறது. ஒரு தாத்தா மட்டும் எல்லாரும் வானத்தைப் பார்க்கும்போது தரையைப் பார்த்தார். ஏன்னு கேட்டேன். "நிழல் ஓடுது பாரு தம்பி, அது இன்னும் நல்லா இருக்கு" என்றார்.

கேள்விகளும் வந்துகொண்டே இருந்தன. உள்ள ஆளு இருக்கா? பெட்ரோலா, கரண்டா? என்ன விலை ஆகும்? இதை வச்சு மாந்தோப்புக்கு மருந்து அடிக்க முடியுமா? எத்தனை கிலோ தூக்கும்? முதல் கேள்விக்கு நானும் பக்கத்து வாலண்டியரும் சிரித்தோம். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்னா நடுவர் மேசையில் இருந்த மார்க் ஷீட்டிலும் அதுதான் முதல் கேள்வி. எத்தனை கிலோ தூக்கும்? 1986-ல் அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. அமைப்பு கல்லூரி மாணவர்களுக்காக ஆரம்பித்த ஏரோ டிசைன் போட்டியிலும் சுமைதான் முக்கியமான கணக்கு. நம்ம ஊர் விவசாயி அந்த விதிமுறையைப் படிக்காமலேயே அங்கே போய் நின்றார்.

இன்னொருத்தர் வெள்ளைச் சட்டை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. யலகங்காவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கும் இல்லையா, அதை வேலை செய்த கட்டடத்தின் மாடியிலிருந்தே ஓசியில் பார்த்தவராம். எங்க விமானங்களைப் பார்த்துவிட்டு, "பரவால்ல தம்பி, ஆனா சத்தம் பத்தல" என்றார். தர்மபுரிக்காரர்களுக்கு விமானம் தெரியாது என்று நினைத்து யாரும் விளக்கம் சொல்லக் கிளம்பிடாதீங்க.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். கைதட்டலும் மார்க்கும் அன்றைக்கு எதிரெதிர்த் திசையில் போயின. அதிக எடை தூக்கிய விமானம் லாரி மாதிரி மெதுவாக, நேராகப் போய் இறங்கியது. எந்த முகத்திலும் ஒரு அசைவும் இல்லை. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். இடைவேளையில் ஒரு சீனியர் சும்மா தெர்மாகோல் விமானத்தை வைத்து நாலு குட்டிக்கரணம் அடித்தார், ஏரியே அதிர்ந்தது. அதையும் மிஞ்சிய சத்தம் விமானம் விழும்போதுதான் வந்தது. விசில், கைதட்டல், "போச்சுடா!" என்று ஒரு ஆனந்தம். விழுந்த அணிப் பையன்கள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனபோது முகம் செத்துப்போயிருந்தது. எனக்குக் கூட்டத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

பிறகு யோசித்தால் குறை கூட்டத்தின் மேல் இல்லை. மைக்கில் நாங்கள் என்ன சொன்னோம்? அணி எண், கல்லூரி பெயர், பேலோடு, விங் லோடிங். அவ்வளவுதான். எதற்கு மார்க் என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லவில்லை. அவர்களுக்குப் புரிகிற மாதிரி நடந்த ஒரே விஷயம் விழுவதுதான். கபடி பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு பாயின்டுக்குக் கூட கத்துவார்கள். விதி தெரியாத ஆட்டத்தில் யார் விழுந்தாலும் தட்டத்தான் செய்வார்கள்.

2013 முதல் போயிங் நிறுவனம் ஐஐடிகளோடு சேர்ந்து தேசிய ஏரோமாடலிங் போட்டி நடத்தியது. அதன் மண்டலச் சுற்று சென்னை ஐஐடியின் சாஸ்த்ரா விழாவிலும் நடந்திருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் பார்வையாளர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பசங்கதான். மாதிரி விமானத்தின் வரலாறே அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. 1871 ஆகஸ்ட் 18-ல் பாரிஸின் ட்யூலரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சின்ன விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். பார்த்தவர்கள் வான்பயணச் சங்கத்தின் உறுப்பினர்கள், விஷயம் தெரிந்தவர்கள். அவருடைய வடிவமைப்பில் வந்த ஒரு பொம்மைதான் சில வருஷம் கழித்து ரைட் சகோதரர்கள் கைக்கு அவர்கள் அப்பா மூலமாகப் போனது. நம்ம ஏரியில் நின்றவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை. அதனால் சொல்லவேண்டிய கடமை நம்முடையது.

சரி, தப்புக்கு வருவோம்.

வரிசையில் 9-வது எங்க விமானம். மோட்டார் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். முதலில் கட்டுப்பாடாகத்தான் இருந்தேன். முகவாய்க்கட்டைகள் உயர்ந்தன. தலைகள் இடது பக்கம் திரும்பின. பறக்குது! நாலு மாசம் பிளேடு வெட்டிய விரல் அரிக்க ஆரம்பித்தது. எல்லாருடைய கண்ணிலும் என் இறக்கை இருக்கிறது, என் கண்ணில் மட்டும் இல்லை.

திரும்பிவிட்டேன்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு இறக்கை நுனிகள் இரண்டும் லேசாக மேலே வளைந்து நின்றன. கணக்குப் போட்டபோது காகிதத்தில் வளைந்த அதே வளைவு. ஒரு சுற்று முழுசாகப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் விமானம் எங்களை நோக்கித் திரும்பியது. ரிமோட் பிடித்தவர்களுக்குத் தெரியும், விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடது வலது மாறிப்போகும். அதன் வலது நமக்கு இடது. எங்க பையன் பதற்றத்தில் ஒரு நொடி மாற்றித் திருப்பிவிட்டான். திரும்பவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் சாய்ந்து, உயரம் இழந்து, நேராகக் கயிற்றை நோக்கி வந்தது. எடையோடு சேர்த்து மூன்று கிலோ இருக்கும். முன்னால் சுழலும் புரொப்பெல்லர்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல். ஆடு ஓட்டும்போது வருமே, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், அது.

திரும்பினேன். ஆறு வயசு இருக்கும், ஒரு பையன் கயிற்றுக்கு அடியில் புகுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விமானத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான். நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளித்தான் புகுந்திருக்கிறான். அந்த ஆட்டுக்கார அம்மா அவன் பின்னாலேயே புகுந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்துவிட்டார். விமானம் அவர்களுக்குப் பத்தடி முன்னால் மூக்கு குத்தியது. புரொப்பெல்லர் உடைந்து ஒரு துண்டு எங்கேயோ பறந்தது. கூட்டம் வழக்கம் போல விசிலடித்துக் கைதட்டியது. அவர்களுக்கு அது இன்னொரு விமானம் விழுந்த கதைதான்.

பையன் அழுதான். அடிபட்டு இல்லை, விமானத்தைத் தொட விடவில்லை என்று. அந்த அம்மா மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

"உன்னை எதுக்கு கண்ணு இங்க நிக்க வச்சிருக்காங்க?"

அப்புறம் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பசங்க கேட்டது ஒன்றுதான்: "மச்சான், இறக்கை எப்படி நின்னுச்சு, பாத்தியா?" "சூப்பரா நின்னுச்சுடா" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது ரைட் சகோதரர்கள் பறந்த நாளைப் பற்றிப் படித்தேன். 1903 டிசம்பர் 17. பார்க்க வந்தவர்கள் மொத்தமே 5 பேர். அதில் ஜான் டேனியல்ஸ் என்பவர் கடலோர உயிர்காக்கும் நிலையத்துப் பணியாளர். கேமராவையே அதற்குமுன் தொட்டதில்லை. உலகமே பார்த்திருக்கிற அந்த முதல் விமானப் படத்தை எடுத்தவர் அவர்தான். ரப்பர் பல்பை அமுக்கினோமா இல்லையா என்றுகூட அவருக்கு நினைவில்லையாம், அவ்வளவு பரபரப்பு. அன்று நாலு தடவை பறந்து முடித்து, விமானம் தரையில் நின்றபோது பலத்த காற்று அதைப் புரட்டியது. ஓடிப்போய்ப் பிடித்த டேனியல்ஸ் உள்ளே சிக்கி உருண்டு, காயங்களோடு வெளியே வந்தார். முதல் விமானத்தால் அன்றைக்கு அடிபட்டது ஓட்டியவர்கள் இல்லை, பார்க்க வந்தவர். பறக்கிற ஒன்றைப் பார்த்தால் மனுஷன் அதை நோக்கித்தான் ஓடுவான் போலிருக்கிறது. அந்தப் பையனும் ஓடினான். நான் காலால் ஓடவில்லை, கண்ணால் ஓடினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

போன வாரம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த வருஷத்துக்கு என்ன மாத்தணும்னு எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன், எந்தக் கல்லூரியில் நடத்தினாலும் உதவும். ஒரே கயிறு போதாது, நடுவில் இடம் விட்டு இரண்டு கயிறு வேண்டும். முன் வரிசையில் குழந்தைகள் கீழே உட்காரணும், அதற்குப் பாய் போடணும். மைக்கில் ஒருத்தர் தமிழில், எதற்கு மார்க், இப்போது என்ன நடக்கிறது என்று கபடி வர்ணனை மாதிரி சொல்லணும். பறந்து முடித்த விமானங்களை, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு மேசையில் வைத்துக் குழந்தைகள் தொட விடணும். தொடக் கிடைத்தால் ஓடி வர மாட்டார்கள். ஏரியில் நடத்தினால், ஆடு மேய்க்கிறவர்களிடம் முதல் நாளே போய்ச் சொல்லணும், கேட்கணும்.

கடைசியாக ஒன்று. அடுத்த வருஷம் கயிறு டூட்டிக்கு ஆள் எடுக்கும்போது என் பெயரை முதலில் எழுதிக்கங்க, உம்முன்னு இல்லாமல் வருவேன். எங்க அணி பறக்கும்போது மட்டும் என் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திடுங்க.