மாமாவின் வலத்தோள்

மல்காஜ்கிரியில் வாழ்பவனுக்குப் படகு இஞ்சின் எதற்கு? சென்ற கோடையில் எங்கள் தெருவார் கேட்ட கேள்வி இது. ராணிகஞ்சில் வாங்கிய 6.5 குதிரைத்திறன் பெட்ரோல் இஞ்சினை வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் ஓடி வந்தார். வெள்ளம் வருமுன்னே நீர் இறைக்கப் பம்பு வாங்கிவிட்டேன் என்று எண்ணி, என் முன்யோசனையைத் தெலுங்கில் பாராட்டினார். அது பம்பு அன்று, பழவேற்காட்டில் உள்ள என் தாய்மாமன் படகுக்கு என்றேன். பாராட்டு நின்றது, சிரிப்பு தொடங்கியது.

என் தந்தை ரயில்வே வேலைக்காகச் செகந்தராபாத் வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் உருது என்று வளர்ந்தவன் நான். மாமா மட்டும் ஏரியை விட்டு அசையவில்லை. அந்த ஏரியில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று மீனவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட முறை அது. முறை வந்த நாளில் போக முடியாதவனுக்கு அந்த நாளின் இறால் இல்லை. முப்பது ஆண்டுகள் கழி ஊன்றிப் படகு தள்ளிய மாமாவின் வலத்தோள் இப்போது மேலே எழவில்லை. இரண்டு பாடுகள் தவறின. தொலைபேசியில் அம்மாவிடம், "படகை வித்துடலாம்னு இருக்கேன்" என்றாராம். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

சாதாரண மோட்டார் வாங்கினால் என்ன? பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். கோடையில் இன்னும் குறையும். வழக்கமான வெளிப்பொருத்து மோட்டாரின் விசிறி படகின் அடிக்குக் கீழே செங்குத்தாக இறங்கி நிற்கும், சேற்றில் முட்டும். தன்னைக் குளிர்விக்க அது ஏரித் தண்ணீரையே உறிஞ்சுவதால், சேறும் உள்ளே ஏறி அடைத்துவிடும். சேற்று மோட்டார் வேறு வகை. இஞ்சின் படகின்மேல் இருக்கும், காற்றாலேயே குளிரும். அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னோக்கிச் சாய்ந்து செல்லும். அதன் நுனியில் சிறு விசிறி, நீர்மட்டத்தை ஒட்டியே சுழலும். தாய்லாந்தின் கால்வாய்களில் ஓடும் நீள்வால் படகுகள் இவ்வகையே. நம் தமிழகக் கடற்கரையிலும் 'லாங் டெயில்' என்றால் மீனவர்க்குத் தெரியும்.

நான் பௌதிகம் படிப்பவன். தராசுக் கோலின் விதி எனக்குப் பாலபாடம். இஞ்சின் 16 கிலோ. தாங்கும் அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னே. தண்டும் விசிறியும் 6 கிலோ. அவற்றின் எடைமையம் 60 சென்டிமீட்டர் பின்னே. பெருக்கினால் 400, 360. இஞ்சின் பக்கம் சற்றே கனம். கையை விட்டால் விசிறி தானாகவே நீரைவிட்டு எழும். தாளில் போட்ட கணக்கைப் பார்த்து நானே மகிழ்ந்தேன். பக்கத்து லேத்துப் பட்டறையில் தாங்கி செய்தோம். தந்தை பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்த பிறகே ரயில் பார்சலில் ஏற்ற விட்டார்.

மாமாவின் படகு அடி தட்டையானது. அதன் பின்பலகை இஞ்சினின் அதிர்வைத் தாங்காது என்று உள்ளும் புறமும் பலகை வைத்து, அகன்ற இரும்பு வாசர்களோடு போல்ட்டு முடுக்கினோம். அம்மா ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். 2011 டிசம்பர் 25 அன்று அதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை அவள் மறக்கவில்லை. ஆகவே மிதவைச் சட்டை இரண்டும் எங்களோடு வந்தன.

கயிற்றை இழுத்தேன். இஞ்சின் உறுமியது. படகு பாய்ந்தது, ஆனால் நேராகப் பாயவில்லை. சுழலும் விசிறி தன் நுனியை ஒரு பக்கம் இழுக்கும். அதைக் கைப்பிடியால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன், சமாளித்தேன். பிறகு மாமாவிடம் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பேசாமல் ஓட்டினார். அவர் முகத்தில் வேர்வை. இஞ்சினை நிறுத்திவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார். இடக்கை வலத்தோளைப் பிடித்திருந்தது.

அப்போதுதான் கண்டேன். படகை அளந்தேன்; நீரை அளந்தேன்; இஞ்சினை அளந்தேன். எந்தத் தோளுக்காக இத்தனையும் செய்தேனோ அந்தத் தோளை அளக்கவில்லை. கைப்பிடியை என் வலக்கைக்கு ஏற்றபடி வைத்திருந்தேன். மாமாவின் வலியை நீக்க வந்த இயந்திரம், அந்த வலியின்மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன்.

"மாமா, உங்களுக்கு எப்படி இருந்தா வசதி?" என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"இடது கைக்கு வை. கொஞ்சம் முன்னே தள்ளி உக்கார விடு. பின்னாலே ரொம்ப அமுங்குது" என்றார்.

இரும்புக் குழாய் ஒன்றைச் சேர்த்துக் கைப்பிடியை இரட்டை நீளமாக்கினோம். நீளம் இருமடங்கானால் பிடிக்க வேண்டிய விசை பாதி. வேகத்தைக் கூட்டிக் குறைக்க சைக்கிள் பிரேக் கம்பியை நீட்டி, இடக்கை விரலுக்கு எட்டும்படி கட்டினோம். மாமா முன்னே நகர்ந்ததால், நீரில் அமுங்கியிருந்த பின்புறமும் எழுந்தது. என் கணக்கில் வராத குறையை அவர் ஒரு சொல்லில் தீர்த்துவிட்டார்.

அடுத்த பாட்டுக்கு நானும் உடன் போனேன். வலைகள் கண்ணில் பட்டதும், வெகு தூரத்திலேயே இஞ்சினை அணைத்தார். தண்டைத் தூக்கி வைத்தார். "இதுக்கு மேலே சேறு கலங்கக் கூடாது. மத்தவங்க வலையும் இருக்கு" என்றார். எஞ்சிய தொலைவுக்கு நான் கழி ஊன்றினேன். இருபது முறை ஊன்றுவதற்குள் என் தோள் கெஞ்சியது. முப்பது ஆண்டு என்பது எத்தனை ஊன்றல் என்று கணக்கிட முயன்றேன், முடியவில்லை.

நண்பர்களே, நாம் ஆளுக்கொரு பட்டம் பெற்று ஆளுக்கொரு கருவி செய்யப் போகிறவர்கள். அளவுநாடாவை எடுக்குமுன், கருவியைப் பிடிக்கப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்போம். மாமா படகை விற்கவில்லை. அம்மா இப்போது இரவில் சாப்பிடுகிறாள்.